லேபிள் உரித்த சிவப்பு ஒயின்

சின்ன ஒயின் ஆலையைக் கண்டுபிடித்தவர்கள் என்று ஓர் இனம் உண்டு. கோவளத்துக்குத் தெற்கே இப்போது பெருகிவருகிறது. அடையாளம் சொல்கிறேன். பெரிய கம்பெனி ஒயின் என்றால் இருமல் மருந்தைக் கண்டதுபோல் முகம் சுளிப்பார்கள். கோப்பையை அடித்தண்டில்தான் பிடிப்பார்கள். மண்ணின் ருசி என்பார்கள். எந்த ஊர் மண்? அதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

மாமல்லபுரத்துக்கு அருகே குடியிருக்கும் தாமோதரன், அணு ஆராய்ச்சி அலுவலக ஊழியர், இவ்வினத்தில் முதல் தரம். கம்பம் பக்கம் வழி தவறியபோது, திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே நான்கு பீப்பாயும் ஒரு நாயுமாக இருந்த ஆலையைக் கண்டார். (வழி தவறாமல் கண்டுபிடித்தவர் எவரும் இல்லை.) உள்ளூர்ப் பன்னீர்த் திராட்சையில் செய்த சிவப்பு ஒயின் ஆறு பாட்டில் வாங்கினார். ஊர்ப் பெயர் வெளியே தெரிந்தால் கண்டுபிடிப்பு என்ன ஆவது? பாட்டில்களை வாளித் தண்ணீரில் நாற்பது நிமிடம் ஊறவைத்து லேபிள்களை உரித்தெடுத்தார்.

மே மாதம் மூன்றாம் ஞாயிறு, மாலை 5.40க்கு விருந்து. அறை வெப்பத்தில் பருக வேண்டும் என்று படித்திருந்தார். அது குளிர் நாட்டு அறையாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, ஏசியைப் பதினாறில் வைத்தார். எதிர்வீட்டு ஜெகதீசனும் அவர் மனைவி பிரபாவும் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, தாமோதரன் கோப்பையை ஏழு சுற்றுச் சுற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, நாவல்பழம், ஈரச் செம்மண், கொஞ்சம் ஏலக்காய் என்று பதினோரு நிமிடம் பேசினார். கண்ணைத் திறந்தார். ஒருவரும் கோப்பையைத் தொட்டிருக்கவில்லை.

செய்யூர்ப் பக்கம் பிறந்து, இப்போது மூன்று லாரிக்குச் சொந்தக்காரரான ஜெகதீசன் சால்வைக்குள்ளிருந்து பேசினார். "கோச்சிக்காத சார். பாட்டில்ல லேபிளே இல்ல. எங்க காச்சினது?"

"காய்ச்சினது இல்லைங்க. முறையா ஒரு ஆலையில செஞ்சது."

"எந்த ஆலை?"

தாமோதரன் கோப்பையை எட்டாவது சுற்றுச் சுற்றினார்.

பிரபா கோப்பையை இரண்டு விரலால் தள்ளிவைத்தார். "வூட்ல ரெண்டு பசங்க கீறாங்க சார்."

சொன்னால் கண்டுபிடிப்பு போயிற்று. சொல்லாவிட்டால் கள்ளச்சாராயக்காரர் என்ற பெயர். பதினாறு டிகிரியிலும் அவருக்கு வியர்த்தது. அவர் தவித்துக்கொண்டிருக்கையில் மனைவி சங்கரி உள்ளே போய், அவர் காயவைத்து நோட்டில் ஒட்டியிருந்த ஆறு லேபிள்களையும் கொண்டுவந்து விரித்தார். ஆலைப் பெயர், கிராமம், பின்கோடு, செல் நம்பர். ஜெகதீசன் போனில் படம் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு நிம்மதியாகக் குடித்தார். மூன்று கோப்பை.

அடுத்த மாதம் கோவளத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில், கோப்பையை அடித்தண்டில் பிடித்தபடி, நாலு பேருக்கு ஜெகதீசன் விளக்கிக்கொண்டிருந்தார். "நானே தேடிப் புடிச்ச ஆலை மச்சான். எங்க கீதுன்னு மட்டும் கேக்காத." நாலாவது ஆளாக உட்கார்ந்திருந்த தாமோதரன், நாகரிகம் கருதி, தலையாட்டினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், இது என்ன பிரமாதம், இதைவிடச் சின்ன ஆலை ஒன்று எனக்குத் தெரியுமே என்று இப்போதே உங்கள் நாக்கு துடிக்கவில்லையா? எங்கே என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்களும் சொல்லப்போவதில்லை.