நாற்பது குடம் மிச்சம் பிடித்த நீர்நாய்

ஒரு காட்டில், பட்ஜெட் போட்டு ஆட்சி நடத்தத் தொடங்கிய நாலாம் வருஷம், குளத்தைத் தூர்வாரும் பொறுப்பு செம்பாயி என்ற நீர்நாய்க்கு வந்தது. நிதி அலுவலகம் அதற்கு நூறு குடம் தேன் ஒதுக்கியது.

செம்பாயி கெட்டிக்காரி. சேற்றில் புரள ஆசைப்படும் காட்டுப்பன்றிகளையே கூலிக்கு இறக்கினாள். அறுபது குடத்தில் வேலை முடிந்தது. மீதி நாற்பதைத் தானே உருட்டிக்கொண்டு போய் அலுவலகத்தில் ஒப்படைத்தாள். சிங்கம் கூப்பிட்டுப் பாராட்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டாள்.

வந்தது மெமோ. அறுபதில் முடிகிற வேலைக்கு நூறு கேட்டது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டுமாம். தந்தாள். அடுத்த வருஷ ஒதுக்கீட்டை அறுபதாகக் குறைத்துவிட்டார்கள்.

அந்த மழையில் கரை உடைந்தது. அறுபது குடத்துக்குப் பாதிக் கரைதான் எழும்பியது; மறுபாதி வழியாகத் தண்ணீர் போய்விட்டது. கோடையில் மான்கள் முதலை கிடக்கும் ஆற்றுக்குக் குடிக்கப் போயின. மூன்று திரும்பவில்லை. செம்பாயி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அலுவலகக் கணக்கர் நரி மாசிலாமணி நல்ல மனசுக்காரர். அவளைத் தனியே கூப்பிட்டு, பாதை போட்ட மிச்சத்தில் வௌவால்களுக்கு முன்னூறு குடை வாங்கிய கரடிக்கு இந்த வருஷம் இரட்டிப்பாகக் கிடைத்த கதையைச் சொன்னார்.

“மிச்சம் வச்சா உனக்குத் தேவையில்லைன்னு அர்த்தம்மா. தீர்த்துட்டு, போதலைன்னு எழுது.”

அதற்கடுத்த வருஷமும் அறுபதுதான் வந்தது; அதில் செம்பாயி வறண்ட குளத்துக்குத் திறப்பு விழா நடத்தினாள். பந்தல், மயிலாட்டம், சிங்கத்துக்குச் சால்வை. ஒரு துளி மிஞ்சவில்லை. மான்கள் அந்தக் கோடையிலும் ஆற்றுக்குப் போயின. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறு வருஷம் இருநூறு வந்தது. நூறில் கரையைக் கல் வைத்துக் கட்டினாள். குளம் ததும்பியது. மான்கள் குட்டிகளோடு வந்து குடித்தன.

மார்ச் கடைசி வாரத்தில் பார்த்தால் இன்னும் நூறு குடம் பாக்கி. காட்டுப்பன்றிகளைக் கூப்பிட்டு, முன்பு வாரிய சேற்றையெல்லாம் திரும்பக் குளத்தில் கொட்டச் சொன்னாள். கொட்டி முடித்ததும் மறுபடி வார வேண்டும்.

குடிக்க வந்த பெண்மான் ஒன்று கலங்கிய தண்ணீரைப் பார்த்து நின்றது.

“எதுக்குக்கா இந்த வேலை?”

“அடுத்த வருஷமும் உன் குட்டிக்குத் தண்ணி வேணுமா, வேண்டாமா?” என்றாள் செம்பாயி.

 மானும் ஒரு சேற்றுக் கூடையை எடுத்துக்கொண்டது.

நீதி: சிக்கனமாக வேலை செய்யத் தெரிந்தவருக்கு, அதை மார்ச் முப்பத்தொன்றுக்குள் மறைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.