அவர்கள் வராத மேசை

மதிப்பிற்குரிய பெரிய மைத்துனர் அவர்களுக்கு,

‘அவர்கள்’ என்பதைப் பேனாவால், நன்றாக அழுத்தி எழுதியிருக்கிறேன். முதலில் அதைக் கவனிக்கவும்.

இங்கு நானும் என் ரத்த அழுத்தமும் நலம். உங்கள் தங்கையும் நலம் என்று மகள் மூலம் தெரியவருகிறது. கல்யாண விருந்தில் நீங்கள் சாப்பிடாமல் கிளம்பிப் போனதிலிருந்து அவள் என்னிடம் நேரில் பேசுவதில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதே, "உங்கப்பாவுக்குக் காபி வேணுமான்னு கேளு" என்று மகளிடம் விசாரிக்கிறாள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் வெளியூரில் குடித்தனம் வைக்கக் கிளம்புகிறார்கள். "மாமா வந்து வழியனுப்பினாதான் பெட்டியத் தூக்குவேன்" என்று மகள் உட்கார்ந்துவிட்டாள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விருந்தில் ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் பெயர் அட்டை வைக்கலாம் என்றார் மருமகன். பட்டியலை நானே கம்ப்யூட்டரில் அடித்தேன். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பது எனக்குப் பழக்கமில்லை. அதனால் பெரிய மைத்துனர் அவர்கள், சின்ன மைத்துனர் அவர்கள், பல் டாக்டர் அவர்கள், மாடி வீட்டம்மா அவர்கள் என்று எல்லாரையும் மரியாதையாக எழுதி, பக்கத்தில் மேசை எண்ணையும் போட்டேன். ஆளை ஒரு கட்டத்திலும் எண்ணை அடுத்த கட்டத்திலும் பிரித்துக் கொடுத்தால்தான் அச்சுக்கடைக்காரருக்கு வசதியாம். அதற்கு ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. ‘காலம்’ என்றால் மேலிருந்து கீழாக வரும் கட்ட வரிசையாம். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று நாம் சொன்னால் போதும், மொத்தப் பட்டியலையும் ஒரே அழுத்தில் வெட்டிக் கட்டம் கட்டமாகப் போட்டுவிடும். "நம்பருக்கு முன்னாடி ஒரு கமா போட்டு, கமாவ வச்சுப் பிரிங்க மாமா. ஸ்பேஸத் தொட்றாதீங்க" என்று மருமகன் போனில் படித்துப் படித்துச் சொன்னார். ஆயுசு பூராவும் தபால் ஆபீசில் கடிதம் பிரித்தவனுக்குப் பிரிப்பதில் பாடமா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தவிர, கமா போடும் வழக்கமே எனக்குக் கிடையாது. அவர் ஸ்பேஸ் என்ற இடைவெளியைத்தான் வார்த்தைக்கு வார்த்தை தாராளமாக விட்டிருந்தேன். அதையே டிக் செய்தேன்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் நீங்கள் மூன்றாகிவிட்டீர்கள். முதல் கட்டத்தில் ‘பெரிய’, அடுத்ததில் ‘மைத்துனர்’, அதற்கடுத்ததில் ‘அவர்கள்’. வகிடெடுத்து வாரியதுபோல் பார்க்க அழகாக இருந்ததால் அப்படியே அனுப்பிவைத்தேன். அச்சுக்கடைக்காரர் கட்டத்துக்கு ஓர் அட்டை அடித்து, மேலிருந்து கீழாக வந்த ஒவ்வொரு வரிசையையும் ஒரு கட்டாகக் கட்டிக் கொடுக்க, ஹால் மேனேஜர் கட்டுக்கு ஒரு மேசையாகப் பரப்பிவிட்டார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? சம்பந்தியை யாரோ ‘சின்ன’ என்ற அட்டைக்கு முன்னால் உட்காரவைக்க, அவர் முகம் சின்னதாகிவிட, அவரைச் சமாதானப்படுத்த நான் ஓடினால், அந்தப் பக்கம் போன வாரம்தான் இருந்த பல்லையெல்லாம் பிடுங்கிக்கொண்ட என் சித்தப்பா ‘பல்’ என்ற அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு "எவன்டா என்னைக் கிண்டல் பண்றது?" என்று கத்த, அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் வந்து "ஐயா, அது என்னோட பல்லுங்க" என்று நியாயம் கேட்க, இந்தக் கூத்தில் முன்வரிசை மேசையை நான் பார்க்கவே இல்லை. அதில் இருந்த அட்டை அத்தனையும் ‘அவர்கள்’. யாரோ பெரிய இடத்து ஆட்கள் வரப்போகிறார்கள் என்று மேனேஜர் அதற்குப் பூ வைத்து, காவலுக்கு ஆளும் போட்டு, தானும் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். நீங்கள் கேட்டதையும் அவர் சொன்னதையும் பிறகு என்னிடம் பெருமையாக ஒப்பித்தார்.

"இது யாருக்குப்பா?"

"அவங்களுக்கு சார்."

"எவங்களுக்கு?"

"அதான் சார், அவங்க. பொண்ணோட அப்பாவே எழுதிக் குடுத்திருக்காரு."

"நான் பொண்ணுக்கு மாமன்யா!"

"இருக்கலாம் சார். ஆனா அவங்க வர்ற வரைக்கும் யாரும் உக்காரக் கூடாது."

நீங்கள் அடுத்த மேசைக்குப் போனீர்கள். அங்கே ‘பெரிய’வும் இல்லாமல் ‘அவர்க’ளும் இல்லாமல் மொட்டையாக ‘மைத்துனர்’ என்று ஓர் அட்டை. பார்த்தீர்கள், செருப்பை மாட்டினீர்கள், போய்விட்டீர்கள். ‘அவர்கள்’ கடைசிவரை வரவில்லை. அந்த மேசையில் ஒரு நாற்காலி உங்களுடையது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

"எனக்கு நேரம் சரியில்ல" என்று மருமகனிடம் புலம்பினேன். "நேரம் நல்லாத்தான் இருக்கு மாமா, காலம்தான் சரியில்ல" என்கிறார். சிரிக்கும் நிலையிலா இருக்கிறேன்?

மகள் சைக்கிள் பழகியபோது சீட்டைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க ஓடியவர் நீங்கள். நான் வாசலில் நின்று "விழப்போறா, விழப்போறா" என்று கத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் இல்லாமல் அவள் கிளம்புவதை என்னாலும் பார்க்க முடியாது. உங்களுக்கு மரியாதை குறைக்க எனக்கு மனமும் இல்லை, தைரியமும் இல்லை. மன்னித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். இனி அந்தக் கட்டம் போட்ட சனியனைத் தொடுவதில்லை என்று உங்கள் தங்கை தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். கிட்டே வர விட்டால்தானே.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்களுக்கு வணக்கமும் மன்னிப்பும்; இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை ஒப்புக்கொண்டால், உங்கள் தங்கை கணவன்

பி.கு.: என் கையெழுத்து தபால்காரருக்குப் புரியாது என்பதால், உறைமேல் ஒட்டும் சீட்டை மட்டும் கம்ப்யூட்டரில் அடித்தேன். மூன்று சீட்டுகள் வந்தன, ஒவ்வொன்றிலும் உங்களில் ஒரு துண்டும் கீழே முழு முகவரியும். அச்சடித்ததை வீணாக்க மனமில்லாமல் மூன்றையும் மூன்று உறைகளில் ஒட்டித் தபாலில் சேர்க்கிறேன். கடிதம் ‘மைத்துனர்’ உறையில் இருக்கிறது. ‘பெரிய’ உறை காலி. உங்களுக்குச் சேர வேண்டிய ‘அவர்கள்’ உறைக்கு இன்று தபால்தலை போதவில்லை, ஒரு நாள் பிந்தி வரும். அது வந்து சேரும்வரை தயவுசெய்து கோபப்பட வேண்டாம்.