டாக்டருக்கு ஒன்பதாம் நாள்

மதிய இடைவேளையில் பதிவாளர் அலுவலகத்தின் மூன்றாம் மேசையில் உட்கார்ந்து மிலாக்ரோஸ் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். சோறும் வறுத்த மீனும் தொடாமல் கிடந்தன. இழுப்பறைக்குள் ஒளித்து வைத்திருந்த கைப்பேசியில், ஏழு வாரமாக அவள் உயிரையே வைத்திருந்த கொரிய நாடகத்து டாக்டர் சற்று முன்புதான் மழையில் நனைந்தபடி செத்துப்போயிருந்தார்.

அழுகையை விழுங்கியிருக்கலாம். அதற்குள், அவளை மானாங் என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடும் பக்கத்து மேசை ஜோவி பார்த்துவிட்டாள்.

“மானாங், யாரு போயிட்டாங்க?”

உண்மையைச் சொல்ல வழியில்லை. அலுவலகத்தில் யாரும் கொரிய நாடகம் பார்க்கக் கூடாது என்று போன வருடம் சுவரில் தாள் ஒட்டியவளே மிலாக்ரோஸ்தான். இல்லாத மனிதனுக்காக அழுகிறவர்களை நம்பி எப்படிப் பதிவேட்டைக் கொடுப்பது என்று கேட்டவளும் அவள்தான். போதாக்குறைக்கு, ஓய்வுபெறப் போகும் பதிவாளர் டெல்ஃபின் சார் தன் நாற்காலி யாருக்கு என்று வெள்ளிக்கிழமை மேயருக்கு எழுதித் தர வேண்டும்.

“என் பெரியப்பா பையன். ரோடெல்,” என்றாள்.

சொன்ன பிறகு அவளுக்கே தெம்பு வந்தது. பதினெட்டு வருடம் ஊரார் சாவையெல்லாம் பதிந்தவளுக்கு ஒரு சாவைச் சமாளிக்கத் தெரியாதா?

டெல்ஃபின் சார் எழுந்து வந்தார். உடலை எந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள், சாயங்காலமே எல்லோரும் போய் உட்காரலாம் என்றார். மலைக்கு அந்தப் பக்கம், ரொம்ப தூரம் என்றாள். நகராட்சி வேன் சும்மாதான் நிற்கிறது என்றார் அவர். அடக்கமே முடிந்துவிட்டது, போன வாரம் புதன்கிழமை செத்தவனுக்கு இன்றுதான் தனக்குச் செய்தி வந்தது என்றாள். இதோடு தொலைந்தது என்று மூச்சும் விட்டாள்.

டெல்ஃபின் சார் விரல்விட்டு எண்ணினார். “அப்போ வியாழக்கிழமை ஒன்பதாம் நாள். ஜெபத்தை உன் வீட்லயே வெச்சிடலாம். நாங்க எதுக்கு இருக்கோம்?”

இதற்குள் ஜோவி, அந்த ஊர்ப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டு இறப்புச் சான்றிதழுக்குச் சொல்லிவைப்பதாகக் கிளம்பினாள். ரோடெலுக்கு இரண்டு குடும்பம், எந்தப் பெயரில் பதிந்தார்களோ தெரியாது என்று சொல்லி மிலாக்ரோஸ் அவளை உட்காரவைத்தாள். சாயங்காலத்துக்குள் ரோடெலின் இரண்டாம் மனைவிக்காகவும் அலுவலகமே பரிதாபப்பட ஆரம்பித்திருந்தது.

வியாழக்கிழமை மேசையில் வெள்ளைத் துணி விரித்தாள், சிலுவை வைத்தாள், மெழுகுவத்தியும் வைத்தாள். படம் மட்டும்தான் பாக்கி. உயிரோடு இருக்கும் சொந்தக்காரன் படத்தை வைத்து மெழுகுவத்தி ஏற்றினால் அவன் ஆயுசுக்கு ஆகாது. அந்தப் பாவத்தை அவள் செய்யமாட்டாள். நியாயமாகச் செத்தவர் என்று அவளுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். நடிகர் நன்றாக இருக்கட்டும், டாக்டர் செத்தது செத்ததுதானே? வெள்ளைக் கோட்டோடு இருந்த டாக்டர் படத்தைக் கடையில் கொடுத்துக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து, கொஞ்சம் மங்கலாக்கி, சட்டம் போட்டு வைத்தாள். அலுவலகத்தில் ஒருவரும் நாடகம் பார்ப்பதில்லை. தாள் ஒட்டியது அவள் அல்லவா?

ஆறு மணிக்குப் பன்சித் நூடுல்ஸும் பிஸ்கட்டும் தூக்கிக்கொண்டு எல்லோரும் வந்தார்கள். டெல்ஃபின் சார் படத்தின் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். மிலாக்ரோஸ் அவசரமாக முந்திக்கொண்டாள்.

“பெரியம்மா வழியில சீன ரத்தம் சார்,” என்றாள். “ஆஸ்பத்திரியில வேலை.”

“நல்ல மனுஷனா இருந்திருப்பான்.”

“தன்னோட ரத்தத்தைக் கொடுத்து ஒரு குழந்தையைக் காப்பாத்தினான் சார்.”

“ஆமா,” என்று சொல்லிவிட்டு டெல்ஃபின் சார் கைக்குட்டையை எடுத்தார்.

ஜெபம் சொல்ல மானாங் புரிங் வந்திருந்தாள். ஊரில் எந்தச் சாவுக்கும் அவள்தான். ஜெபமாலையை உருட்டி முடிப்பதற்குள் ஜோவி மூக்கைச் சிந்திச் சிந்தி ஒரு துண்டை நனைத்துவிட்டாள். பார்த்தே இராத ஒருவனுக்காக இவர்கள் இப்படி அழுவதைக் கண்டு மிலாக்ரோஸுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. இத்தனை நல்லவர்களை ஏமாற்றிவிட்டோமே என்று முதல் தடவையாக நெஞ்சு உறுத்தியது. ஆனாலும் வேலை கச்சிதமாக முடிந்திருந்தது. நாளைக்கு நாற்காலி தனக்குத்தான்.

காபி கலக்க அடுக்களைக்குப் போனாள். மானாங் புரிங் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். கையில் அந்தப் படம்.

“இது உன் பெரியப்பா பையனா, மகளே?”

மிலாக்ரோஸின் கையில் கரண்டி அப்படியே நின்றது. பதினெட்டு வருட வேலை, வாங்கிய நல்ல பெயர், சுவரில் ஒட்டிய தாள் எல்லாம் காபியோடு சுழன்றன.

கிழவி படத்தைத் தன் முக்காட்டு ஓரத்தால் துடைத்து அவள் கையில் கொடுத்தாள்.

“பயப்படாதே. இந்த டாக்டருக்கு இந்த வாரம் நான் ஜெபம் சொல்ற நாலாவது வீடு இது. முதல் வீடு உங்க டெல்ஃபின் சாரோடது.”