கிராப்புக்குப் புறப்பட்ட டிங்கி

இந்தக் கதையில் நீங்கள் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் வருகிறது. அதை இப்போதே சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் நான் டிங்கி என்கிற ஒரு குட்டிப் படகுக்குள் மல்லாந்து படுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் சிரித்து உயிரை விட்டேன். நான் பட்ட அவஸ்தையை நீங்களும் கொஞ்சம் படுங்கள். முதலில் குடுமி.

என் அத்திம்பேர் வைத்தீஸ்வரனின் குடுமி கும்பகோணத்திலிருந்து அவரோடு கல்கத்தாவுக்கு ரயிலேறி வந்தது. நல்ல வாளிப்பான குடுமி. ஆபீசில் பக்கத்து மேஜை வாஞ்சிநாதன் கிராப்பு வைத்துக்கொண்டு வந்த நாள் முதல் அத்திம்பேருக்கு அது தலைச்சுமையாகிவிட்டது.

"நான் ஆம்பிளை. என் தலை. என் இஷ்டம்!" என்று பவானிபூர் வீட்டு மொட்டைமாடியில் என்னிடம் சபதம் செய்தார். ரகசியக் குரலில். நேர் கீழே சமையலறை.

சமையலறையில் இருப்பவள் என் அக்கா மீனாக்ஷி. அவள் தீர்ப்பு எப்போதோ வந்தாயிற்று. "குடுமியில கத்திரி பட்டா அன்னியோட இந்த ஆத்து அடுப்பு அணைஞ்சுது. கிராப்பைக் கண்ணாடியில பார்த்துப் பார்த்துப் பசியாறிக்கோங்கோ!"

அத்திம்பேருக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. அதனால் வீரத்தை விட்டுவிட்டு யுக்தியில் இறங்கினார்.

"விபத்துடா, சந்தானம். விபத்துல போனா யாரைக் குத்தம் சொல்ல முடியும்?"

கிறிஸ்துமஸ் லீவுக்கு பஜ்ரா என்கிற வீட்டுப்படகு ஒன்றை வாடகைக்குப் பிடிப்பது. ஹூக்ளி ஆற்றில் உல்லாசமாகப் போவது. பஜ்ராவின் வாலில் ஒரு குட்டி டிங்கி கட்டியிருக்கும். அதில் அத்திம்பேரும் நானும் இறங்கி விளையாடும்போது குடுமி இழுகயிற்றில் சிக்கிக்கொள்ளும். "ஐயோ, கழுத்து முறியறதே, வெட்டுடா!" என்று அவர் அலறுவார். நான் வெட்டுவேன். உயிர் பிழைக்கும், குடுமி போகும். கல்கத்தாவின் பாபுகாட் படித்துறையில் வாஞ்சிநாதன் ஓர் இங்கிலீஷ் பார்பரோடு காத்திருந்து மிச்சத்தைச் சீர் செய்வார்.

முன்மண்டையில் முடி வேண்டுமே? அதற்காக ஒரு மாதமாக அங்கே க்ஷவரத்தை நிறுத்திவிட்டு ரகசியப் பயிர் வளர்த்தார். ஜலதோஷம் என்று சொல்லி ராப்பகலாக மப்ளரை அவிழ்க்கவில்லை. ரசம் சாப்பிடும்போது அந்த மப்ளருக்குள் வேர்த்துக் கொட்டும்.

ஒத்திகை மொட்டைமாடியில் நடந்தது. அத்திம்பேருக்கு அலறல் சரியாக வரவில்லை. மானேஜரிடம் லீவு கேட்கிற மாதிரி அலறினார். யார் குரலையும் அப்படியே எடுக்கிறவன் நான். அவர் குரலில் நானே அலறிக் காட்டினேன். சமையலறைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் நின்று, நன்றாக வாய்விட்டு.

அக்கா கேட்டிருப்பாளோ? எனக்கென்ன தெரியும்? அன்றைக்கு எனக்கு மட்டும் இரண்டு தோசை கூட விழுந்தது.

படகு ஏறியதும் திட்டம் மாறத் தொடங்கியது. தக்ஷிணேஸ்வரத்தோடு திரும்பலாம் என்றார் அத்திம்பேர். "பாரக்பூர் பார்க்கணும்" என்றாள் அக்கா. பாரக்பூரில், "பிரெஞ்சுக்காரன் சந்தன்நகர் இதோ இருக்கே" என்றாள். சந்தன்நகரில், "ஏன்னா, திரிவேணி வரைக்கும் போய் ஒரு முழுக்கு போட்டுட்டு வரலாமே? புருஷா அங்க க்ஷவரம் பண்ணிண்டா ஏழு தலைமுறைக்குப் புண்ணியமாம்!" என்றாள்.

அத்திம்பேரின் கை மப்ளருக்குப் போயிற்று. ஒரு மாதப் பயிர்!

"திரிவேணி கிடையாது! சின்சுராவோட சரி. நாளைக்கு அங்கேர்ந்து திரும்பறோம். இது என் உத்தரவு!"

"உங்க உத்தரவு" என்றாள் அக்கா. இத்தனை சாதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை சின்சுரா படித்துறையில் பஜ்ரா கட்டிக் கிடந்தது. ஆறு கல்கத்தாப் பக்கமாக விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தது. அத்திம்பேர் துள்ளினார்.

"வாடா, டிங்கில இறங்கலாம்!"

"வெறும் வயத்தோடயா?" என்று அக்கா திரையை விலக்கினாள். "சாப்பிட்டுட்டுப் போங்கோ."

விறகு ஈரம் என்றாள். பருப்பு வேகவில்லை என்றாள். நடுவே படகுக்காரர் கரீம் மாஜியைக் கூப்பிட்டு வங்காளியில் என்னவோ குசுகுசுவென்று கேட்டாள். இலை போட்டாயிற்று. ரசம் ஆயிற்று. அத்திம்பேர் எழுந்தார்.

"உட்காருங்கோன்னா. அப்பளம் பொரியறது."

உட்கார்ந்தார். அப்பளம் பொரிந்தது, பொரிந்தது, பொரிந்துகொண்டே இருந்தது. சமுத்திரத்தைக் காய்ச்சி அதில் பொரிக்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம். கடைசியில் வந்தது, ஆளுக்கு ஒன்று.

அதை மென்றுகொண்டே டிங்கியில் குதித்தோம். நீளக் கயிற்றில் நடு ஆற்றுக்குப் போனோம். பனிமூட்டம். தண்ணீர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல் அசையாமல் இருந்தது. அத்திம்பேர் மப்ளரைக் கழற்றி, குடுமியை அவிழ்த்துக் கயிற்றில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு அலறினார். விபத்து தத்ரூபமாக இருக்க வேண்டுமென்று துடுப்பையும் ஆற்றில் தள்ளினார்.

"ஐயோ, கழுத்து! சிக்கிண்டுடுத்து! வெட்டு, வெட்டு!"

நான் கத்திரிக்கோலை எடுப்பதற்குள் பஜ்ராவின் பின்தட்டில் அக்கா தோன்றினாள். தலைவிரி கோலம். கையில் அரிவாள்மணை!

"பதறாதேங்கோ! இதோ நான் வெட்டறேன்!"

சரக்! குடுமியை அல்ல, கயிற்றை.

டிங்கி ஒரு குலுக்குக் குலுக்கியது. தளர்ந்த கயிற்றிலிருந்து குடுமி நழுவ, அத்திம்பேர் கால் மேலாக விழுந்தார். கத்திரிக்கோல் என் கையிலிருந்து ஆற்றில் விழுந்தது. எப்படி விழுந்தது என்று கேட்காதீர்கள். டிங்கி பம்பரமாகச் சுற்றி, பனிக்குள் புகுந்து, புறப்பட்டது.

அத்திம்பேர் முகம் வெளுத்தது. "செத்தோம்டா!" என்றார். பிறகு எழுந்து உட்கார்ந்தார். மெல்லச் சிரித்தார்.

"டேய், இது நல்லதுக்குத்தாண்டா. ஆறு எங்க போகும்? சமுத்திரத்துக்கு. வழியில என்ன? பாபுகாட்! அங்க வாஞ்சிநாதன், பார்பர், கிராப்பு! 'குடுமி சிக்கல் பிரியலை, வெட்டவேண்டியதாயிடுத்து'ன்னுட்டாப் போச்சு!"

கல்கத்தாவில் பிறந்தவன் நான். காவேரி பிறந்த நாள் முதல் ஒரே பக்கம் ஓடும். ஹூக்ளி அப்படியல்ல, கடல் பொங்கினால் திரும்பி வடக்கே, வந்த வழியே ஓடும். ஜோயார் என்பார்கள். காளிகட்டில் தினம் குளிக்கிற என் அக்காவுக்கு அது திரும்புகிற நேரம் மனப்பாடம். டிராமிலேயே ஆபீஸ் போய் டிராமிலேயே வீடு வருகிற அத்திம்பேருக்கு ஆறு என்றால் காவேரிதான்.

பனி விலகியது. எதிரே ஒரு பெரிய இரும்புப் பாலம்.

"பார்த்தியா! ஹௌரா பாலம்! என்ன வேகம்டா!"

அது சின்சுராவுக்கு வடக்கே இருக்கிற ஜூபிலி பாலம். அதன்மேல் ரயில் ஒன்று தடதடவென்று போயிற்று.

"ஹௌரா பாலத்து மேல ரயில் எப்போ விட்டா, அத்திம்பேரே?"

அவர் ஒரு கணம் யோசித்தார். "நாம ஊர்ல இல்லாத சமயம் பார்த்து விட்டிருக்கான். இங்கிலீஷ்காரன்னா இங்கிலீஷ்காரன்தான்!"

இதுதான் அந்த இடம். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

அப்போது எங்கள் பஜ்ரா, நாலு ஆள் துடுப்புப் போட, எதிர்க்கரையோரமாக எங்களைத் தாண்டிப் போயிற்று. அக்கா தூண்மேல் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"படுடா, படு! பார்த்தா இழுத்துண்டு போயிடுவா!"

படுத்தோம். "பாவம், நம்மளைத் தேடிண்டு கல்கத்தாவுக்கே போறா" என்று என் காதில் சொன்னபோது அவர் கண்கூடக் கலங்கியது. நல்ல மனுஷர்.

கடைசியில் கரீம் மாஜியின் கொக்கி டிங்கியைக் கவ்வி இழுத்தது. படித்துறை. கோயில் மணி. ஏகக் கூட்டம். "பாபுகாட்!" என்று அத்திம்பேர் குதித்தார். கூட்டத்திலே அக்கா, பண்டா என்கிற தீர்த்தக்கரைப் புரோகிதர் ஒருவர், சாணை தீட்டிய கத்தியோடு ஒரு நாவிதர்.

"பிழைச்சு வந்தேளா! கயிறு அறுந்த க்ஷணமே வேண்டிண்டேன். ஏழு தலைமுறை புண்ணியத்தோட என் மாங்கல்யமும் நிலைச்சுது. உட்காருங்கோ!"

சுற்றி நின்ற வங்காளிப் பெண்கள் உலுலுலு என்று குலவையிட்டார்கள். ஆனானப்பட்ட அத்திம்பேர் மந்திரம் போட்டது போல் உட்கார்ந்தார். தலையில் தண்ணீர் விழுந்தது. கத்தி இறங்கியது. ஒரு மாதப் பயிர் கற்றை கற்றையாக மடியில் விழுந்தது.

திடீரென்று அவர் முகத்தில் ஓர் ஒளி. "அப்படியே... பின்னாலயும் சேர்த்து எடுத்துடட்டுமே? காணிக்கைன்னா முழுசா..."

"சிவ சிவா! சிகையைத் தொடப்படாது, சாஸ்திரம்!" என்று அக்கா தன் கையாலேயே குடுமியைத் தட்டி, முடிந்து, ஒரு இழுப்பு இழுத்து இறுக்கினாள்.

முன்மண்டை வெண்கலச் செம்பாகப் பளபளக்க, அத்திம்பேர் படியில் குந்தியிருந்தார். கல்கத்தாப் பக்கமிருந்து ஒரு வாழைத்தண்டு ஆற்றில் மிதந்து வந்தது. எங்கள் படிக்கு நேரே வந்து தயங்கியது. நின்றது. மெதுவாகத் திரும்பி, வந்த வழியே போகத் தொடங்கியது.

அத்திம்பேர் அதைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"டேய் சந்தானம்... இது என்ன ஊர்?"

"திரிவேணி, அத்திம்பேரே."

"ஆறு திரும்பறதேடா!"

"தினமும்தான் திரும்பறது."

"கிளம்பலாமா?" என்றாள் அக்கா. "இப்போ நீங்க சொன்ன பக்கமே ஓடறது."

அத்திம்பேரின் வாய் திறந்தது. ஆற்றைப் பார்த்தார். குடுமியைத் தடவினார். அக்காவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர், தேள் கொட்டினாற்போல் துள்ளி எழுந்தார்.

"அடியே! அந்த அப்பளம்!"