உயர்நிலை மூன்றும் காதர் மைதீனின் மாலை நடையும்

அன்று காதர் மைதீனுக்கு வந்த கோபத்துக்கு, புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி வீட்டின் பன்னிரண்டு மாடியையும் லிஃப்ட் இல்லாமலே ஏறியிருப்பார்.

பெற்றோர் சந்திப்பில் மகள் நஸீஹாவின் ஆசிரியை சொன்ன சேதி அப்படி. தொடக்கக் கல்லூரியில் முன்கூட்டியே இடம் கேட்டால், உயர்நிலை நான்கில் வரும் ஓ லெவல் தேர்வு வரை காத்திருக்க மாட்டார்களாம். உயர்நிலை மூன்று மதிப்பெண்ணையே பார்ப்பார்களாம். நஸீஹா இப்போது உயர்நிலை மூன்று. தமிழ் விவாதத்தில் பள்ளிக்கே முதல் ஆள். கணக்கில் நாற்பத்தொன்று. விவாதத் திறமையைக் காட்டிக் கல்லூரிக்குள் நுழைய நினைத்த பெண்ணை அந்த நாற்பத்தொன்று வாசலிலேயே நிறுத்திவிடும்.

"பதினஞ்சு வயசு மார்க்கை வச்சா தலையெழுத்தை முடிவு பண்றது? அநியாயம் லா!"

தஞ்சோங் பகார் அலுவலகத்தில் இருபது வருஷமாக யாரிடமும் கத்த முடியாததையெல்லாம் சேர்த்துக் கத்தினார். பள்ளிக்கூடத்தை ஒன்றும் செய்ய முடியாதே! அதனால் மகளைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னையிலேர்ந்து விவாதம் கட்!"

நஸீஹா வாய் திறக்குமுன் மனைவி ருக்கையா முந்திக்கொண்டாள்.

"சரியாச் சொன்னீங்க. ஆனா கணக்கு யாரு சொல்லித் தர்றது? டியூஷன் எல்லாம் ஃபுல்லு. நீங்கதான் கணக்குல புலியாச்சே."

"புலிதான். சந்தேகமா?"

"அப்ப நீங்களே சொல்லிக் கொடுங்க. வருசக் கடைசியில மார்க் ஏறலைன்னா விவாதத்தை நானே நிறுத்திடறேன். அதுவரைக்கும் போகட்டும்."

புலி தலையாட்டியது.

மறுநாள் புத்தகத்தைத் திறந்தார். ஒரு பக்கத்திலும் உருப்படியாக ஓர் எண் இல்லை. எல்லாம் எக்ஸ், ஒய். கணக்குப் புத்தகத்தில் எழுத்துக்கு என்ன வேலை என்று அதற்கும் ஒரு மூச்சு கோபப்பட்டார்.

சோறு பரிமாறும்போது ருக்கையா சொன்னாள்: "அடுத்த பிளாக் யோகம் டீச்சர்கிட்ட பெரியவங்க கூடக் கணக்குப் படிக்கிறாங்களாம். வெட்கமே இல்ல."

"வெட்கங்கெட்டவங்க!" என்றார் அவர்.

மறுநாளே புது ஷூ வாங்கினார். டாக்டர் மாலையில் நடக்கச் சொல்லிவிட்டாராம். நேராக நடந்து யோகம் டீச்சர் வீட்டு மேசை முன்னால் போய் உட்கார்ந்தார். அங்கே அரைகுறையாகப் படித்ததை வீட்டில் வந்து மகளுக்கு முழுசாகச் சொல்லிக் கொடுத்தார்.

"அத்தா, மைனஸ் எங்க போச்சு?"

"எங்கயும் போகல. இங்கதான் இருக்கும்."

"தப்பு அத்தா. நிரூபிக்கட்டுமா?"

"அத்தாவையே எதிர்த்துப் பேசுறியா?"

"நான் பேசல அத்தா, கணக்கு பேசுது."

விவாதக்காரிக்கு மடக்குவதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார். இன்று எங்கே சறுக்குவார் என்று பார்ப்பதற்காகவே பாடத்தை முன்கூட்டிப் படித்துவிட்டுக் காத்திருந்தாள். தோற்ற ஆத்திரத்தில் அவர் மறுநாள் இன்னும் வேகமாக நடந்தார்.

வருசக் கடைசியில் நஸீஹாவுக்குக் கணக்கில் எழுபத்தாறு.

"பார்த்தியா ருக்கையா? யாரு சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதாங்க," என்றாள் அவள், மகா பணிவாக.

நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ரகசியமாக ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு யோகம் டீச்சரிடம் ஓடினார்.

"டீச்சர், புள்ளைக்கு..."

"எழுபத்தாறு. ருக்கையா காலமையே ஃபோன் பண்ணிட்டா."

"ருக்கையாவா? அவளுக்கு உங்களைத் தெரியுமா?"

"தெரியாமலோ? பெற்றோர் சந்திப்பு நடந்த அண்டைக்கே வந்து இடம் பிடிச்சவ. நான் பிள்ளைக்கெண்டு நினைச்சன். 'இல்லை டீச்சர், அவருக்கு. அவர் பிழையாச் சொல்லிக் குடுக்க, பிள்ளை திருத்தித் திருத்தியே படிச்சிடுவா' எண்டு சொன்னவ."

காதர் மைதீன் லட்டுப் பெட்டியை மேசையில் வைத்தார். அநியாயம் என்று கத்த வாய் திறந்தார். யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

"இருங்கோ," என்றார் டீச்சர், லட்டை எடுத்தபடி. "வாற வருசம் உங்களுக்கு பிசிக்ஸும் சேர்த்துச் சொல்லித் தரட்டாம். ருக்கையா பேர் பதிஞ்சிட்டா."