எலுமிச்சம்பழம் கட்டிய பிராம்ப்ட்

ஒரு பொருள் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தால் எனக்குக் கை அரிக்கும். ஐம்பதை நெருங்கியும் இந்த அரிப்புக்கு மருந்து கிடைக்கவில்லை.

திருமுடிவாக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் இலாகா முழுவதும் நான்தான். (இலாகாவுக்கு ஒரு நாற்காலி, ஒரு ஃபேன்.) நாள் பூராவும் கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி என்டர் அடிப்பதுதான் வேலை. கட்டளைக்கு முன்னால் ஒரு சின்ன வரி காத்துக்கொண்டு நிற்கும். அதன் பெயர் பிராம்ப்ட். நீங்கள் எந்த மெஷினுக்குள் இருக்கிறீர்கள் என்று அது சொல்லும். பாவம், அதையும் நான் விடவில்லை.

எங்களிடம் இரண்டு மெஷின்கள். ஒன்று நிஜம், மறைமலை நகருக்குப் போகும் பெட்டிகளுக்கு அதிலிருந்துதான் லேபிள் அச்சாகும். மற்றது நான் சோதனை என்ற பெயரில் விளையாட. நிஜ மெஷினின் பிராம்ப்ட்டைச் சிவப்பாக்கி, ‘நிஜம், ஜாக்கிரதை’ என்று எழுதி, கண் படாமலிருக்க ஓர் எலுமிச்சம்பழமும் இரண்டு மிளகாயும் படமாகக் கட்டினேன். மெஷினின் பெயரை மெஷினையே சொல்ல வைக்க வழி உண்டு. எனக்கு என் கைப்பட எழுதினால்தான் திருப்தி.

மறுநாள் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வந்திருந்தார். பதினொன்றரைக்கு லாரி கிளம்ப வேண்டும். லேபிள் இல்லாத பெட்டியை மறைமலை நகரில் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். ஆடிட்டர் என் பக்கம் வருவதற்குள் சோதனை மெஷினில் கிடந்த பழைய லேபிள்களைத் துடைத்துவிடலாமென்று, பிராம்ப்ட்டைப் பார்க்காமலே அழிக்கும் கட்டளையைத் தட்டினேன். எல்லாம் போயிற்று. அடுத்த வரி வந்தது. சிவப்பு. நிஜம், ஜாக்கிரதை. எலுமிச்சம்பழம்.

நான் எழுந்த வேகத்தில் இலாகாவின் ஒரே நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

பெட்டி கட்டும் ஷெட்டுக்கு ஓடி, லேபிளெல்லாம் போச்சு, யாரும் பிரிண்டரைத் தொடக்கூடாது என்று கத்தினேன். ஸ்டோர் இன்சார்ஜ் ஜமால் பாய் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆறு பேரை வரிசையாக உட்கார வைத்து, ரெஜிஸ்டரைப் பார்த்துக் கையாலேயே லேபிள் எழுதச் சொல்லிவிட்டார். நான் மேனேஜர் ஸ்டெல்லா மேடத்தின் அறைக்குள் பாய்ந்தேன். எதிரில் ஆடிட்டர் உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே படவில்லை.

“மேடம், லேபிள் மொத்தத்தையும் அழிச்சிட்டேன். என் வேலை போனாலும் பரவால்ல, லாரியைக் காப்பாத்துங்க.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். பிரேக் பிடிக்கவில்லை.

“போன மாசம் காய்ச்சல்னு லீவு போட்டது மச்சான் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு. ஏசி ரிமோட்டும் என் டிராயர்லதான் இருக்கு.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “ரிமோட் உங்ககிட்டயா இருந்தது? ரெண்டு வாரமா வாட்ச்மேனைத் திட்டிட்டிருக்கேன் சார்.”

அந்த நேரம் பார்த்து ஜமால் பாய் உள்ளே வந்தார். ஒரு கையில் எழுதிய லேபிள் கட்டு. மறு கையில் நீளமாகத் தொங்கும் அச்சடித்த லேபிள் சுருள்.

“கோச்சுக்காத சார். பழக்கத்துல பட்டனை அமுக்கிட்டேன். எல்லாம் போச்சுன்னே, இது பாட்டுக்கு வந்துகினே கீதே.”

நான் திரும்பி ஓடி, மெஷினிடமே அதன் நிஜப் பெயரைக் கேட்டேன். ‘சோதனை’ என்றது. அன்று காலை, அழகாக இருக்கிறதே என்று அந்தச் சிவப்பு பிராம்ப்ட்டை சோதனை மெஷினுக்கும் நகல் எடுத்துப் போட்டிருந்தேன். அதிலிருந்த ‘நிஜம்’ என்ற பெயரை மாற்றுவதற்குள் டீ வந்துவிட்டது. (டீக்காரர்மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.)

நிஜ லேபிள் ஒன்றுகூடப் போகவில்லை. லாரி பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பியது.

மேடத்திடம் விஷயத்தைச் சொல்ல நான் திரும்பியபோது ஆடிட்டர் தன் பட்டியலில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று அதில் ஒரு கேள்வி இருந்ததாம். மூன்று வருடமாக நாங்கள் பூஜ்யம் வாங்கும் கேள்வி. “மாதிரி ஒத்திகை பிரமாதம்” என்றார்.

ஸ்டெல்லா மேடத்துக்குப் பொய் வராது. “சார், இது ஒத்திகை இல்ல. இவர் நிஜமாவே பயந்துட்டார்.”

“அதான் மேடம் வேணும். ஒத்திகைன்னு தெரிஞ்சா எவன் ஓடுறான்?”

முழு மதிப்பெண். பாராட்டுக் கடிதம் நோட்டீஸ் போர்டில் ஏறியது. காய்ச்சல் லீவு மட்டும் சம்பளமில்லா லீவாக மாறியது.

இப்போது வருடா வருடம் ஒத்திகைக்குப் பொறுப்பாளர் நான்தான். சர்க்குலரிலேயே பெயர் போட்டு வருகிறது. ஒத்திகை நாளன்று காலை சேலையூர் வீட்டு வாசலில் என் மனைவி சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி வழியனுப்புவாள்:

“போய் நல்லா பயந்துட்டு வாங்க.”