உழைக்காமலே நீடித்து உழைத்த புல்வெட்டி

ஒரு காட்டில், காடு என்றால் பழைய காடு இல்லை, மனை பிரித்து வேலி போட்டு வாசலில் பெயர்ப் பலகை மாட்டிய காட்டில், கும்பலிங்கம் என்ற கரடி வசித்து வந்தது. நல்ல கரடி. ஒரே ஒரு குணம்தான் கொஞ்சம் கோணல். எந்தப் பொருளைப் பார்த்தாலும், "ரொம்ப நாள் உழைக்குமா?" என்று கேட்கும். குடை வாங்கினாலும் கேட்கும், கொத்தமல்லிக் கட்டு வாங்கினாலும் கேட்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பாவிடமும் இதையே கேட்டுத் தொலைத்ததால் இன்றுவரை தனிக்கட்டை.

அதன் குகையில் நாற்காலிக்குப் பிளாஸ்டிக் உறை, டி.வி. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை. நாற்காலியில் உட்கார்ந்தால் ரோமம் ஒட்டிக்கொண்டு எழுந்திருக்கும்போது வலிக்கும். அதனால் கும்பலிங்கம் தரையில்தான் உட்காரும். நாற்காலி நன்றாக இருந்தது.

குகைக்கு முன்னால் நல்ல புல்வெளி. அதில் பேச்சி என்ற ஆடு தன் இரண்டு குட்டிகளோடு மேய்ந்து வந்தது. பேச்சி மேய மேய புல் கட்டையாக, பார்க்க லட்சணமாக இருக்கும். இதற்கு வேலை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆட்டைக் கேட்டால் அது சாப்பாடு என்று சொல்லும். கரடியைக் கேட்டால் போனால் போகிறது என்று விட்டுவைத்திருப்பதாகச் சொல்லும். கும்பலிங்கத்தின் வேலிக்குள் இருக்கும்வரை சிங்க ராஜா பேச்சியைத் தொடமாட்டார். வேலிக்கு வெளியே போனால் மேய்வதோடு நிற்காது, மேயப்படுவதும் நடக்கும். (ராஜாவுக்கு மட்டும் நான் மரியாதை கொடுத்துச் சொல்வதைக் கண்டுகொள்ளாதீர்கள். எனக்கும் உயிர்மேல் ஆசை இருக்கிறது.)

இப்படி இருக்கும்போது, பக்கத்து மனையில் குடியிருந்த காட்டுப்பன்றி வராகமூர்த்தி ஒரு புல்வெட்டி மெஷின் வாங்கிவிட்டது. கும்பலிங்கத்துக்குத் தூக்கம் போயிற்று. மறுநாளே கடைக்கு ஓடியது. கடைக்காரர் நாகேந்திரன் என்ற நரி.

"ஏறி உக்காந்து ஓட்டுற மெஷின் ஒண்ணு குடுங்க" என்றது கும்பலிங்கம்.

நரி கரடியின் இடுப்பைப் பார்த்தது. "சார், உங்க இடத்துக்கு அது அதிகம். ஏறி உக்காந்தா திரும்புறதுக்கே பக்கத்து மனை வேணும். பின்னாலயே நடந்து தள்ளிட்டுப் போற மெஷின்தான் உங்களுக்குச் சரி. இரும்புத் தட்டு, நல்ல எஞ்சின். எந்தப் பாகமும் எங்க கடையிலயே கிடைக்கும். உடம்புக்கும் நல்லது."

"ரொம்ப நாள் உழைக்குமா?"

"ஒழுங்காப் பாத்துக்கிட்டா உழைக்கும் சார்."

அவ்வளவுதான், கும்பலிங்கம் வாங்கிவிட்டது.

நரியே வீட்டுக்கு வந்து மெஷினை இறக்கி, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று விளக்கிச் சொன்னது. "ஈரப் புல்லுல ஓட்டாதீங்க, அடியில அப்பிக்கும். புல்லு ரொம்ப வளந்திருந்தா ஒரே மூச்சுல வெட்டாதீங்க, எஞ்சின் திணறும். கல்லைப் பொறுக்கிட்டு ஓட்டுங்க. ஒவ்வொரு தடவையும் ஆயில் இருக்கான்னு பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. ஏர் ஃபில்டர்ல தூசி சேரக் கூடாது. வெட்டி முடிச்சதும் அடித்தட்டைச் சுரண்டிடுங்க. பிளேடு மழுங்கினா சாணை பிடிங்க. பிளேடுகிட்ட கை போகுதுன்னா முதல்ல பிளக் ஒயரைக் கழட்டிடுங்க. பெட்ரோலை மாசக்கணக்கா டேங்குல ஊற வைக்காதீங்க."

கும்பலிங்கத்தின் காதில் ஒன்றும் விழவில்லை. அது மெஷினின் மூடியைத் தடவிக்கொண்டு, இதற்கு எந்த அளவில் பிளாஸ்டிக் உறை தைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஆனால் வேலியோரம் நின்ற பேச்சி ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. தன் சாப்பாட்டைப் பற்றிய பேச்சு என்றால் யாருக்கும் காது கூர்மையாகிவிடும். நரி போகும்போது விளக்கப் புத்தகம் ஒன்றைப் பாறைமேல் வைத்துவிட்டுப் போனது.

"பேச்சி" என்றது கரடி, முகத்தைப் பார்க்காமல். "இனிமே புல்லை மெஷின் பாத்துக்கிடும். நாளையில இருந்து நீயும் பிள்ளைகளும் வேற எடம் பாத்துக்கிடுங்க."

பேச்சி பயத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் பக்கத்தில் இருந்ததை மென்றது. பாறைமேல் இருந்த விளக்கப் புத்தகம் அட்டையோடு காலி.

கும்பலிங்கம் கயிற்றை இழுத்தது. மெஷின் உறுமியது. கரடி பின்னாலேயே நடந்து போக, புல் பறந்து போய்ப் பையில் விழுந்தது. குட்டிகள் இரண்டும் தங்கள் மத்தியானச் சாப்பாடு பைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றன. பையில் இருந்ததை முகர்ந்து பார்த்தன. பெட்ரோல் வாடை. மூக்கைச் சுளித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடிவந்தன. அந்த நேரத்தில் பேச்சிக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் மெஷினுக்கு அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். கல். கும்பலிங்கம் மெஷினை நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. வாங்கின அன்றே பிளேடில் கீறல்.

பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தது.

"அண்ணாச்சி, தொடாதீங்க. முதல்ல பிளக் ஒயரைக் கழட்டணும்."

கரடி நிமிர்ந்து பார்த்தது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"புத்தகத்துலதான போட்டிருக்கும்."

"புத்தகம் எங்க?"

பேச்சி பொய் சொல்லத் தெரியாத ஆடு. "முழுசா உள்ள போயிருச்சு அண்ணாச்சி. ஒரு எழுத்து விடலை."

கும்பலிங்கம் அசந்துபோனது. ஒரு மத்தியானத்துக்குள் புத்தகத்தைக் கரைத்துக் குடித்த ஆட்டை அது அதுவரை பார்த்ததில்லை. "அப்ப நீயே மெஷினைப் பாத்துக்கோ. எங்கயும் போக வேண்டாம்" என்றது. பேச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேலியில் ஒரு பலகையும் ஏறியது: 'பேச்சி, இயந்திரப் பராமரிப்பு.'

மறுநாள் காலையில் கரடி மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"பனி பெஞ்சிருக்கு அண்ணாச்சி. ஈரப் புல்லுல ஓட்டுனா அடியில அப்பிக்கிடும்."

கரடி உள்ளே போய், புல் காய்ந்ததும் வந்தது.

"அந்த ஓரத்துல புல்லு உசரமா கெடக்கே. இதுல விட்டா எஞ்சின் திணறிரும். நானும் பிள்ளைகளும் மொதல்ல கொஞ்சம் கட்டையாக்கித் தாரோம்."

கட்டையாக்கின. கரடி கூடவே நடந்து கல் பொறுக்கியது. சாயங்காலம், "இப்ப ஓட்டலாமா?" என்று கேட்டது.

"இப்ப வெட்டுறதுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி? சும்மா ஓட்டுனா பிளேடுதான தேயும்?"

அதுவும் நியாயமாகவே பட்டது. பேச்சி ஆயில் பார்த்தது, ஏர் ஃபில்டரைத் தட்டியது, பெட்ரோலை வடித்தது, கொம்பால் அடித்தட்டைச் சுரண்டியது. சுரண்ட ஒன்றும் இல்லைதான். இருந்தாலும் சுரண்டியது. கரடி உறையை மாட்டியது. இப்படியே மழைக்காலம் போய் வெயில் காலம் வந்தது. மெஷின் புது மெருகு குலையாமல் இருந்தது, குட்டிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன, புல்வெளி கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று இருந்தது. தினமும் இத்தனையும் தன் கண் முன்னால் நடந்தும் கும்பலிங்கம் ஒன்றோடு ஒன்றைக் கூட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் மெஷின் வந்த நேரம் என்று நினைத்துக்கொண்டது.

அடுத்த மனையில் வராகமூர்த்தி தன் மெஷினைத் தானே ஓட்டியது. மழையிலும் ஓட்டியது, கல்லிலும் ஓட்டியது. ஆயில் தீர்ந்தபோது வீட்டில் இருந்த நல்லெண்ணெயை ஊற்றியது. எள் வாசனையோடு கொஞ்ச நேரம் ஓடிவிட்டு மெஷின் கண்ணை மூடியது. "வெட்டி வெட்டியே கெடுத்துட்டான்" என்று ஊரே வருத்தப்பட்டது.

ஆயுத பூஜை வந்தது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் ராஜா குடிமக்களின் வீட்டுக்கு விருந்தாளியாக வருவார். ஏனென்றால் அவருடைய ஆயுதம் நகமும் பல்லும். அன்று அவற்றுக்குச் சந்தனப் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்துவிடுவார்கள். அந்த ஒரு நாள்தான் குடிமக்களும் கதவைத் திறந்து வைப்பார்கள்.

ராஜா வந்து பொரி கடலையைக் கொறித்துக்கொண்டே புல்வெளியைப் பார்த்தார். அசந்துவிட்டார். மெஷினுக்கு மாலை போட்டு, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்திருந்தது கும்பலிங்கம்.

"இதுதான் அந்த மெஷினா? ஓட்டிக் காட்டு."

பேச்சி குறுக்கே வந்தது. மெஷின் ஓடினால் கொஞ்ச நேரத்தில் புல்வெளி முடிந்துவிடும், அதைப் பார்த்த கரடி தன் வேலையையும் முடித்துவிடும் என்று அதற்குத் தெரியும். "மகராசா, இன்னைக்கு ஆயுத பூஜை. ஆயுதத்தைத் தொடலாமா?"

ராஜா பொட்டு வைத்த தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார். "அதுவும் சரிதான்" என்றார். பிறகு மெதுவாகப் பேச்சியின் வாயைப் பார்த்தார். வாயோரம் பச்சை. "புல்லு இன்னைக்குக் காலையில வெட்டுன மாதிரி இருக்கே. மெஷினுக்கு லீவு. அப்ப வெட்டினது யாரு? உன் பல்லு ஆயுதமில்லையா? அதுக்குப் பூஜை போடலையா?"

கும்பலிங்கம் முதல் தடவையாக யோசித்தது. யோசித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பேச்சி, அப்ப இத்தனை நாளும் புல்லைத் தின்னது நீதானா?"

"ஆமா அண்ணாச்சி."

"மெஷின் வெட்டவே இல்லையா?"

"மொத நாள் வெட்டுனதுதான்."

"பிளேடு?"

"அந்த ஒரு கீறலோட அப்படியே இருக்கு."

கும்பலிங்கத்தின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓடிப்போய் உறையை விலக்கி மெஷினைக் கட்டிக்கொண்டது. "தேயவே இல்லையா என் ராசா" என்று அதன் கைப்பிடியைத் தடவியது. பேச்சியை வெளியே அனுப்புவது என்ற பேச்சே அதற்கு நினைவில் இல்லை.

ஆனால் ராஜாவின் நினைவு வேறு எங்கோ இருந்தது. "எனக்கும் இப்படி ஒரு மெஷின் வேணும். அதைப் பாத்துக்கிற வித்தை யாருக்குத் தெரியும்?"

"புத்தகம் முழுக்க இவளுக்குள்ளதான் இருக்கு மகராசா" என்றது கரடி பெருமையாக.

"அப்படியா. நாளைக்கு விஜயதசமி. படிப்பு தொடங்க நல்ல நாள்" என்றார் ராஜா, உதட்டை நக்கிக்கொண்டு. "காலையில இவளை அனுப்பி வை. இவளைத் தின்னுட்டா புத்தகம் எனக்குள்ள வந்துரும்."

குட்டிகள் அம்மாவின் வயிற்றுக்கடியில் போய் ஒண்டிக்கொண்டன. ராஜாவிடம் மறுத்துப் பேசிக் கரடிக்குப் பழக்கமில்லை. பேச்சிதான் பேசியது.

"தாராளமாத் தின்னுங்க மகராசா. எனக்குச் சந்தோஷந்தான். ஆனா ஒண்ணு. புத்தகம் உள்ள போயிருச்சுன்னா பெறகு உங்களுக்கு வித்தை தெரியும்னு ஊருக்கெல்லாம் தெரிஞ்சிரும். தெரிஞ்சவங்கதான செய்யணும்? விடியக்காலம் எந்திரிச்சு ஈரம் பாக்கணும். குனிஞ்சு கல் பொறுக்கணும். மெஷினைச் சாச்சுப் போட்டு அடியில சுரண்டணும். கையெல்லாம் ஆயிலு. எனக்கு இதெல்லாம் தெரியாதுன்னு யார்கிட்டயும் சொல்லிக்கிட முடியாது."

ராஜா மெல்லுவதை நிறுத்தினார். பிறந்ததிலிருந்து அவர் ஆட்சி நடத்தியதே அந்த ஒரு வாக்கியத்தில்தான். 'எனக்கு அதெல்லாம் தெரியாது, நீங்களே பாத்துக்கிடுங்க' என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார், காடு தன்பாட்டில் நடக்கும். அதை ஒரு ஆட்டுக்காக இழக்க அவருக்கு மனம் வரவில்லை.

"எனக்கு இந்த வயசுல படிப்பெல்லாம் வேண்டாம்" என்றார். மிச்சப் பொரியைக் கையில் அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் நரியின் கடையில் தள்ளுமுள்ளு. மனைக்கு மனை புல்வெட்டி மெஷின் வாங்கினார்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஆடு வந்து, விளக்கப் புத்தகத்தை வாசலிலேயே தின்றுவிட்டு வேலையில் சேர்ந்தது. அரண்மனைக்கும் ஒரு மெஷின் போயிற்று, பேச்சியின் மூத்த குட்டி அதைப் பார்த்துக்கொள்ளப் போயிற்று. தினமும் சாயங்காலம் ராஜா அரண்மனை வாசலில் படுத்துக்கொண்டு, கண் எதிரே ஒரு கொழுத்த ஆடு அசைபோட்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். எச்சில் ஊறும். பிறகு அந்த ஆயிலும் அடித்தட்டும் ஞாபகத்துக்கு வரும். எச்சிலை மட்டும் விழுங்கிக்கொள்வார்.

காட்டில் எந்த மெஷினும் அதற்குப் பிறகு கெட்டுப்போகவில்லை. கும்பலிங்கம் மட்டும் மறுபடியும் பெண் பார்க்கக் கிளம்பியது. இந்தத் தடவை உழைக்குமா என்று கேட்கவில்லை, ஆடு வளர்க்கத் தெரியுமா என்று கேட்டது.

நீதி: ஒரு பொருள் நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால், உழைப்பதற்கு வேறு ஆளை வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆள் நீண்ட நாள் உயிரோடு இருக்க வேண்டுமானால், விளக்கப் புத்தகத்தை முதல் நாளே தின்றுவிட வேண்டும்.